தாளில் இல்லாத மூன்று வரிகள்

வாசகர் கேள்வி:

வணக்கம் ஐயா. எனக்கு வயது 36. சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் வீவக அடுக்குமாடி வீடு, மனைவி, ஏழு வயதில் ஒரு பையன். கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பத்து வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன், ஹேண்டிகேப் 14. மாதம் ஒரு தடவை பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாம் போய் ஆடிவிட்டு வருவேன். ஜனவரி கடைசியிலிருந்து ஒரு ஏஜண்ட் மூலமாக கோல்ஃப் போட்டிகளில் பந்தயம் கட்டி வருகிறேன். டெலிகிராமில் சொன்னால் போதும், திங்கட்கிழமை மொத்தமாகக் கணக்குத் தீர்ப்போம். ஒரு பந்தயத்துக்கு 50 வெள்ளி, அதற்கு மேல் கிடையாது. 16 வாரக் கணக்கை எக்செல் தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன். 38 பந்தயம், 640 வெள்ளி லாபம். அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளன்று மட்டும் கொஞ்சம் கூடிப்போய் 900 விட்டேன். அது ஆத்திரத்தில் போட்டது, அதனால் தாளில் சேர்க்கவில்லை, மனைவிக்கும் தெரியாது. அதில் 600 இன்னும் பாக்கி. ஏஜண்ட் நல்ல மனிதர், நெருக்குவதில்லை. நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்துவிட்டு, அவர்கள் பணத்தைக் கைபேசி வழி என் வங்கிக் கணக்குக்குப் பேநவ்வில் வாங்கிக் கொடுத்தால் பாக்கியைக் கழித்துவிடலாம் என்கிறார். ஆனால் முதல் பத்து இடத்துக்குள் வருவார் என்று கட்டும் டாப் டென் பந்தயத்தில் ஜெயித்தபோது இரண்டு தடவை குறைத்துக் கொடுத்தார். ஏமாற்றுகிறாரா? மனைவி தாளைப் பார்த்ததிலிருந்து, இது சூதாட்டம் என்று சண்டை. நாலு நம்பர் லாட்டரி எடுப்பதற்கும் விளையாட்டை அறிந்து பந்தயம் கட்டுவதற்கும் வித்தியாசமே இல்லையா?

பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்:

அன்புள்ள தம்பி,

ஆலோசகர் வேலைக்கு வருமுன் நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். கணக்குத் தாள் ஒன்று கைக்கு வந்தால் கடிதத்தை அப்புறம்தான் படிப்பேன். உங்கள் தாளையும் அப்படித்தான் பார்த்தேன், கோப்பிக் கடையில் பென்சிலோடு உட்கார்ந்து, வாங்கிவைத்த தே ஓ ஆறிப்போகும் வரை. சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். போட்டி, ஆட்டக்காரர், விலை, கட்டிய தொகை, வந்த தொகை, குறிப்பு. ஜெயித்தது பச்சை, தோற்றது சிவப்பு. என்னிடம் வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இப்படி எழுதி வைப்பதில்லை. அதனால் தருமர் பகடை ஆடிய கதையைச் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன். நேரே கணக்குக்கு வருகிறேன்.

பச்சை 11, சிவப்பு 27. பச்சைக் கட்டங்களின் கூட்டுத்தொகை 1,990. சிவப்பு 27 ஐம்பது, 1,350. கழித்தால் 640. கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை. ஆனால் பச்சையில் நீங்கள் எழுதியிருப்பது திரும்பி வந்த முழுத்தொகை. நீங்கள் கட்டிய 50ம் அதற்குள்தான் இருக்கிறது. 3.00 விலையில், அதாவது ஜெயித்தால் மூன்று மடங்கு என்று, 50 கட்டி 150 வாங்கினால் லாபம் 100தானே? 11 தடவை உங்கள் சொந்த ஐம்பதையே உங்களுக்கு லாபமாக வரவு வைத்திருக்கிறீர்கள். அந்த 550ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 90 வெள்ளி.

இனி 17ஆவது வரி, 29ஆவது வரி. இரண்டும் டாப் டென் பந்தயம், இரண்டும் 5.00 விலை. இரண்டிலும் 250 என்று எழுதி, குறிப்பில் 'ஏஜண்ட் குறைத்தார்' என்று போட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர் உங்களை ஏமாற்றவில்லை தம்பி. அதற்கு டெட் ஹீட் விதி என்று பெயர். உரிமம் உள்ள நிறுவனங்களும் உலகம் முழுக்க இப்படித்தான் கொடுக்கின்றன.

17ஆவது வரியில் உங்கள் ஆள் 9ஆம் இடத்தில் இன்னும் மூன்று பேரோடு சமமாக முடித்திருக்கிறார். நான்கு பேருக்கு மிச்சம் இருந்தது 9, 10 என்று இரண்டே இடம். ஆகவே நீங்கள் கட்டியதில் பாதி, 25 வெள்ளிதான் ஜெயித்ததாகக் கணக்கு, மற்ற பாதி தோற்றது. 25ஐ 5.00ஆல் பெருக்கினால் 125. அதைத்தான் கொடுத்திருக்கிறார். 29ஆவது வரியில் 10ஆம் இடத்தில் ஐந்து பேர், இடம் ஒன்று. 50ஐ ஐந்தாகப் பிரித்து, அந்த 10 வெள்ளியை 5.00ஆல் பெருக்கினால் 50. கட்டிய பணம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். எட்டுப் பேர் சமமாக இருந்திருந்தால் 31 வெள்ளி 25 காசு வந்திருக்கும். பச்சைக் கட்டம், ஆனால் 18 வெள்ளி 75 காசு நஷ்டம். கோல்ஃபில் பத்தாம் இடத்தைச் சுற்றி எப்போதும் கூட்டம்தான், உங்களுக்குத் தெரியாததா? ஓர் அடி வித்தியாசத்தில் ஏழெட்டுப் பேர் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். 'டாப் டென் பாதுகாப்பான பந்தயம்' என்று கடிதத்தில் வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த விதி தெரியாமல் 16 வாரம் அதைக் கட்டியிருக்கிறீர்கள்.

இரண்டு வரியிலும் அதிகமாக எழுதியது 125ம் 200ம், 325. 90இல் 325 போனால் கழித்தல் 235. தாளில் இருப்பதை மட்டும் வைத்தே லாபம் நஷ்டமாகிவிட்டது. தாளில் இல்லாத அந்த 900ஐயும் சேர்த்தால் 1,135 வெள்ளி நஷ்டம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாலு நம்பருக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா? உண்டு. நாலு நம்பரில் அறிவுக்கு வேலையே இல்லை. என் சித்தப்பா ஒருவர் தேக்காவில் கடை வைத்திருந்தார். சாலையில் கார் மோதி நின்றால் அடிபட்டவரைப் பார்க்குமுன் கார் நம்பரைப் பார்ப்பார். அவரும் ஒரு நோட்டு வைத்திருந்தார், கோடு போட்டது. அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தோம், அடித்த நம்பர்கள் மட்டும் தேதி வாரியாக அழகாக இருந்தன. அடிக்காதவற்றுக்கு நோட்டு இல்லை.

கோல்ஃப் அப்படி இல்லை. யார் இரும்புக் கட்டையை நன்றாக அடிக்கிறார், யாருக்குப் பெர்முடா புல் ஒத்துவரும், யார் வியாழன் காலையில் காற்று எழுமுன் கிளம்புகிறார் என்பதெல்லாம் முடிவைப் பாதிக்கத்தான் செய்யும். உங்கள் குறிப்புகளில் பல கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் நீங்கள் பந்தயம் கட்டுவது ஆட்டக்காரர் மேல் அல்ல, அவருக்குப் போட்டிருக்கும் விலை மேல். அந்த விலையைப் போடுகிறவரும் புல்லையும் காற்றையும் பார்த்துத்தான் போடுகிறார். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் ஷாட்லிங்க் என்ற முறையில் ஒவ்வொரு அடியும் எங்கே விழுந்தது என்று அளந்து சேர்த்துவைக்கிறார்கள். விலை போடுகிற மேசைகளில் அந்த மாதிரித் தரவை அலசுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கிடங்கு வேலை முடித்து, பையனைத் தூங்கவைத்துவிட்டு, பத்து மணிக்குக் கைபேசியைத் திறக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே அந்த விலைக்குள் இருக்கிறது.

அதற்கு மேல் அவர்களின் பங்கு வேறு. உங்கள் 22ஆவது வரியையே எடுங்கள், மூன்று பேர் குழுவில் யார் குறைந்த அடியில் முடிப்பார் என்ற பந்தயம். மூவருக்கும் இருந்த விலையைக் குறித்து வைத்திருக்கிறீர்கள், நல்லதாயிற்று: 2.50, 2.60, 3.20. யார் ஜெயித்தாலும் 100 வெள்ளி கைக்கு வரும்படி மூவர் மேலும் கட்டிப் பாருங்கள். முதலாமவர் மேல் 40, இரண்டாமவர் மேல் 38.46, மூன்றாமவர் மேல் 31.25. மொத்தம் 109 வெள்ளி 71 காசு கட்டினால் 100 வரும். மூன்று பேர் பந்தயத்திலேயே இவ்வளவு. 150 பேர் ஆடும் போட்டியில் யார் கோப்பை வெல்வார் என்கிற பந்தயத்தில் ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியிருப்பார்கள், அங்கே இந்த மேல்பணம் இன்னும் தடிமனாக இருக்கும். நீங்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்து வைத்திருந்தால் போதாது, இந்த மேல்பணத்தைத் தாண்டுகிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 38 பந்தயத்தை வைத்து அதைச் சொல்லவும் முடியாது. எண்ணிக்கை மிகக் குறைவு. உங்கள் 235 வெள்ளி நஷ்டம்கூட உங்கள் அறிவின்மைக்குச் சாட்சி இல்லை, 640 லாபமாக இருந்திருந்தால் அது உங்கள் திறமைக்கும் சாட்சியாக இருந்திருக்காது.

கோல்ஃப் இன்னொரு விதத்திலும் பொல்லாதது. டைகர் உட்ஸ் பிஜிஏ டூரில் 82 பட்டம் வென்றவர். அவர் ஆடிய போட்டிகளோ 350க்கும் மேல். அவருடைய வாழ்நாள் முழுக்க அவர் மேலேயே கட்டியிருந்தாலும் நான்கில் மூன்று தடவைக்கு மேல் தோற்றிருப்பீர்கள். 2003இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற பென் கர்ட்டிஸ் அப்போது உலகத் தரவரிசையில் 396ஆவது இடத்தில் இருந்தார். மேஜர் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் அவர் ஆடியது அதுதான் முதல். 1999இல் கார்னூஸ்டியில் நடந்த அதே போட்டியில் ஜான் வான் டி வெல்ட் மூன்று அடி முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்து ஏழு அடித்துக் கோட்டைவிட்டார். கோப்பையை எடுத்துப் போன பால் லாரி அன்று காலை பத்து அடி பின்னால் இருந்தவர். பார்க்கிறவனுக்கு இதெல்லாம் விருந்து. காசு கட்டினவனுக்குத்தான் வயிற்றுவலி.

இனி நீங்கள் பேச விரும்பாத இடத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 14, திங்கட்கிழமை. அகஸ்டாவில் அது ஞாயிறு மதியம், நமக்கு அதிகாலை இரண்டரை. மெக்கில்ராய் இரண்டு அடி முன்னிலையோடு கிளம்புகிறார், முதல் குழியிலேயே டபுள் போகி, இரண்டு அடி கூடுதல். இரண்டாம் குழி முடிவில் டிஷாம்போ முன்னே போகிறார். நீங்கள் டிஷாம்போ மேல் 200. அடுத்த இரண்டு குழியிலும் அவர் போகி, ஒவ்வோர் அடி கூடுதல். மணி ஐந்தைத் தாண்டியதும் 13ஆவது குழியில் மெக்கில்ராய் பந்தை ஓடைக்குள் போடுகிறார். 'இது 2011 மாதிரியே போகிறது' என்று ஏஜண்டுக்கு எழுதிவிட்டு ஜஸ்டின் ரோஸ் மேல் 300. கடைசிக் குழியில் மெக்கில்ராய் குழிக்குள் உருட்டிவிட வேண்டிய குட்டி பட் ஒன்றைத் தவறவிட, இருவரும் சமம். ரோஸ் மேல் இன்னும் 400. ஏழு மணி தாண்டி, கூடுதல் ஆட்டத்தின் முதல் குழியில் மெக்கில்ராய் பர்டி, ஓர் அடி குறைவு, கதை முடிந்தது. எட்டரைக்கு நீங்கள் கிடங்கில் நிற்கிறீர்கள்.

அந்த 200, 300, 400ஐப் பாருங்கள். உங்கள் தாளில் 38 வரியிலும் 50 என்று கல்லில் வெட்டியது போல் இருக்கும் எண், ஐந்து மணி நேரத்தில் எட்டு மடங்காகிவிட்டது. அந்த ஏற்றத்துக்கு உங்கள் கோல்ஃப் அறிவுதான் உதவியிருக்கிறது. 2011இல் அதே அகஸ்டாவில் மெக்கில்ராய் நான்கு அடி முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாள் 80 அடித்துத் தோற்றது உங்களுக்கு நினைவு இருந்தது. விளையாட்டே தெரியாத ஒருவனுக்கு 300 கட்ட அப்படி ஒரு காரணம் கிடைத்திருக்காது. இழந்ததை உடனே பிடிக்க வேண்டும் என்ற அரிப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். உங்களுக்கு மட்டும் அதற்கு நல்ல வாதங்கள் கைவசம் இருந்தன.

அதை ஆத்திரத்தில் போட்டேன், கணக்கில் வராது என்கிறீர்கள். கடன் பிரிவில் இருந்தபோது இதே வாக்கியத்தை வேறு வேறு உருவத்தில் கேட்டிருக்கிறேன். 'அது அவசரத்துக்கு எடுத்தது', 'அது ஒரு தடவைதான்'. கணக்கில் வராது என்று ஒதுக்கப்படும் தொகைதான் எப்போதும் பெரிய தொகை.

மருத்துவர்கள் சூதாட்டக் கோளாறுக்கு ஒன்பது அறிகுறிகள் வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் நான்கோ அதற்கு மேலோ தெரிந்தால் கோளாறு என்பது அளவுகோல். நான் மருத்துவன் இல்லை, கடிதத்தைப் படித்து நோய் சொல்ல மாட்டேன். விட்டதைத் துரத்துவது, வீட்டில் மறைப்பது, முன்பைவிடப் பெரிய தொகை தேவைப்படுவது என்று மூன்று என் கண்ணில் பட்டன. மூன்றாவது அந்த ஒரு நாளோடு நின்றதா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் விளையாட்டுப் பந்தயத்துக்கு உரிமம் உள்ளது சிங்கப்பூர் பூல்ஸ் ஒன்றுக்குத்தான். அவர்களிடம் கால்பந்து உண்டு, கார்ப் பந்தயம் உண்டு, குதிரை உண்டு. கோல்ஃப் இல்லை. ஆகவே உங்கள் டெலிகிராம் பந்தயம் எந்த வகையிலும் சட்டத்துக்கு உட்பட்டது இல்லை. 2022 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாதவரிடம் பந்தயம் கட்டுகிறவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நண்பர்கள் நாலு பேர் வீட்டில் நேருக்கு நேர் உட்கார்ந்து சீட்டாடுவதற்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு, இணையத்தில் ஆடுவதற்கு அந்த விலக்கு இல்லை.

ஆனால் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த பேநவ் விஷயத்தைப் படித்தபோதுதான். நாலு பேரைச் சேர்த்து, அவர்கள் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கிக் கைமாற்றினால் அந்த நிமிடமே நீங்கள் பந்தயம் கட்டுகிறவர் இல்லை, ஏஜண்ட். ஏஜண்டுக்குத் தண்டனை ஐந்து ஆண்டு வரை சிறை, 200,000 வெள்ளி வரை அபராதம். வழக்கு என்று வந்தால் பணம் வந்து போன தடம் எல்லாம் உங்கள் பெயரில்தான் இருக்கும். அந்த நல்ல மனிதரின் பெயர் எங்கும் இருக்காது. 600 வெள்ளிக்கு அவர் ஏன் நெருக்கவில்லை என்று யோசித்தீர்களா? அவருக்கு உங்கள் 600ஐவிட உங்கள் நண்பர்கள் நாலு பேரும் உங்கள் வங்கிக் கணக்கும் பெறுமானம். இன்றே முடியாது என்று சொல்லிவிடுங்கள். விளக்கம் தேவையில்லை.

அந்தப் பாக்கி பற்றி ஒன்று. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று நம் சிவில் சட்டத்திலேயே இருக்கிறது, ஆகவே அவர் நீதிமன்றத்துக்குப் போய் வசூலிக்க முடியாது. இதை வைத்துக்கொண்டு அவரிடம் சட்டம் பேசப் போகாதீர்கள். நீங்களும் சட்டத்துக்கு வெளியே நின்றவர்தான். இலவசச் சட்ட ஆலோசனைக் கூடங்களில் ஒரு வழக்கறிஞரை முதலில் பாருங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், எப்படி முடிப்பது என்று அவர் சொல்லட்டும். எந்தக் காரணத்துக்கும் ஆ லோங் எனும் கந்துவட்டிக்காரர் பக்கம் போய் 600 வாங்கி இதை அடைக்காதீர்கள். மிரட்டல் வந்தால் தனியாகச் சமாளிக்காமல் போலீசுக்குப் போங்கள்.

நாலு நம்பரைத் தாழ்வாகப் பேசினீர்கள், அதனால் சொல்கிறேன். ஒரு வகையில் நாலு நம்பர் உங்கள் பந்தயத்தைவிடப் பத்திரமானது. புதன், சனி, ஞாயிறு மூன்று நாள் குலுக்கல். கடையில் எடுத்தால் வரிசையில் நிற்க வேண்டும். கடனுக்குச் சீட்டு கிடையாது. என் சித்தப்பாவால் அதிகாலை ஐந்து மணிக்கு 300 வெள்ளிக்கு நம்பர் எடுக்க முடிந்ததில்லை, ஆசை இல்லாததால் இல்லை, கடை மூடியிருந்தது. உங்கள் ஏஜண்ட் 24 மணி நேரமும் விழித்திருக்கிறார், கடனும் தருகிறார்.

இதே காரணத்தால்தான் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில் சுயவிலக்கு எழுதிக் கொடுப்பது உங்கள் விஷயத்தில் அரைப் பூட்டுத்தான். அது சூதாட்டக் கூடங்களையும் ஜாக்பாட் அறைகளையும் சிங்கப்பூர் பூல்ஸ் கணக்கையும் அடைக்கும். டெலிகிராமை அடைக்காது. இருந்தாலும் எழுதிக் கொடுங்கள், ஒரு கதவு மூடினால் இன்னொன்றைத் தேடுவது பழக்கம். உங்களுக்குப் பொருத்தமான பூட்டு வங்கியில் இருக்கிறது. இங்குள்ள மூன்று பெரிய உள்ளூர் வங்கிகளும் 2023 நவம்பரிலிருந்து, கணக்கில் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் வசதியைத் தருகின்றன. மோசடிக்காரர்களுக்குப் பயந்து கொண்டுவந்தது. பூட்டிய பணம் கைபேசி வழியாக வெளியே போகாது. அதிகாலை மூன்று மணிக்கு நீங்களும் ஒரு மோசடிக்காரர்தான், உங்கள் பணத்தைப் பொறுத்தவரை. மாதச் செலவுக்கு வேண்டியதை விட்டுவிட்டு மற்றதைப் பூட்டுங்கள், பேநவ் தினசரி வரம்பையும் குறையுங்கள். டெலிகிராமில் அவரைத் தடை செய்துவிட்டு அந்த உரையாடலை அழிக்காமல் வையுங்கள். வழக்கறிஞருக்குத் தேவைப்படலாம்.

மனைவி விஷயம். நீங்கள் 'சூதாட்டமா இல்லையா' என்ற வார்த்தைச் சண்டையில் அவரை ஜெயிக்க ஒரு நடுவர் தேடி எனக்கு எழுதியிருக்கிறீர்கள். மன்னியுங்கள், அந்த வேலைக்கு நான் வரவில்லை. அவர் பார்த்தது 640 வெள்ளி லாபம் என்று சொல்லும் தாள். லாபம் காட்டும் தாளைப் பார்த்தே அவர் பயந்திருக்கிறார் என்றால், அவர் பார்த்தது எண்ணை அல்ல. திங்கட்கிழமைக் காலையில் நீங்கள் இருந்த இருப்பைப் பார்த்திருப்பார். ஃபில் மிக்கெல்சனை உங்களுக்குத் தெரியும். ஆறு மேஜர் வென்றவர், செந்தோசாவில் லிவ் என்ற கோல்ஃப் தொடரின் போட்டியில் ஆடியவர். அவரே 2023இல், தன் பந்தயப் பழக்கம் அளவைத் தாண்டி அடிமைத்தனமாகிவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். அவரிடம் பணத்துக்குக் குறைவில்லை. வீட்டில் உடம்பு இருந்தும் மனம் இல்லாமல் போனதைத்தான் பெரிய சேதமாகச் சொன்னார். உங்கள் பையனுக்கு ஏழு வயது. ஞாயிறு இரவு அப்பா ஏன் கைபேசியோடு கூடத்தில் இருக்கிறார் என்று அவனுக்கு ஏதோ ஒரு விளக்கம் ஏற்கெனவே இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஆகவே மனைவியிடம் வாதம் செய்யாதீர்கள். தாளைத் திருத்தி எழுதுங்கள். பச்சையில் கட்டிய பணத்தைக் கழியுங்கள், 17, 29 இரண்டையும் சரி செய்யுங்கள், கீழே 39, 40, 41 என்று மூன்று வரி சேருங்கள்: டிஷாம்போ 200, ரோஸ் 300, ரோஸ் 400. குறிப்பில் நேரத்தையும் போடுங்கள். 600 பாக்கி என்று தனியாக எழுதுங்கள். அதை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். சத்தம் போடுவார், போடட்டும்.

பேச வெளியாள் வேண்டும் என்றால் தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. மனைவி தனியாகவும் அழைக்கலாம், கட்டுகிறவர்களின் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் அந்த எண். மேலே சொன்ன மூன்று அறிகுறிகள் நான்காகும் என்று உங்களுக்கே தோன்றினால், புவாங்கோக்கில் மனநலக் கழகத்திலேயே போதைப் பழக்கங்களுக்கான தேசியச் சேவைப் பிரிவு இருக்கிறது, 6732 6837. சூதாட்டத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு. மனநலக் கழகம் என்றதும் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள்.

கோல்ஃப் பார்ப்பதை விட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கொஞ்ச நாளைக்கு நேரலையை விட்டுவிட்டு, மறுநாள் தொகுப்பைப் பாருங்கள், முடிவு தெரிந்த பிறகு. ஆட்டம் எங்கும் ஓடிவிடாது.

அப்புறம் ஒன்று. மாதம் ஒரு தடவை பாத்தாம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாளின் குறிப்புக் கட்டத்தில் மார்ச்சில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை 'பாத்தாம் ரத்து' என்று இருக்கிறது. காரணம் போடவில்லை. கடைசியாக நீங்களே மட்டையைத் தொட்டது எப்போது, தம்பி?